ஆறு நாளாகியும் பாட்டில்ல குமிழி நிக்கல: கேமரா டெஸ்டுக்குச் சம்மதிக்கலாமா?

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இங்க சர்க்கரை, தைராய்டு பத்தி நிறையப் படிச்சிருக்கேன், எழுதினதில்ல. இப்ப ஆஸ்பத்திரி மாடிப்படியில உக்காந்து போன்ல அடிக்கிறேன். பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

என் தம்பிக்கு 19 வயசு. போன வியாழக்கிழமை செங்கல் சூளையில லோடு ஏத்தப் போனான். ரிவர்ஸ்ல வந்த டிராக்டர் டிரெய்லர் அவனைச் சுவரோட சேத்து நெஞ்சுல அழுத்திடுச்சு. மொத்தமே ரெண்டு மூணு செகண்ட்தானாம். வெளிய ஒரு கீறல் இல்ல. எந்திரிச்சு நின்னு "ஒண்ணும் இல்லண்ணே"ன்னு சொல்லிட்டுத் தண்ணி கேட்டிருக்கான். அப்புறம் இருமினப்ப எச்சில்ல ரத்தம். கொஞ்ச நேரத்துல கழுத்து வீங்க ஆரம்பிச்சு, 108 வர்றதுக்குள்ள முகம், கண் இமை, தோள் எல்லாம் உப்பிடுச்சு. நான் போய்ப் பாக்கும்போது ரெண்டு கண்ணும் மூடிக் கிடந்துச்சு, குரல் வேற யாரோ பேசுற மாதிரி இருந்துச்சு. நெஞ்சைத் தொட்டா உள்ள பொரி நொறுங்குற மாதிரி நறநறன்னுது. பயந்து கையை எடுத்துட்டேன்.

தாலுகா ஆஸ்பத்திரியில வலது விலாவுல ஓட்டை போட்டு, நெஞ்சுக்குள்ள தேங்கின காத்தை வெளிய எடுக்குற ஐ.சி.டி. டியூப் வச்சு, அதோட மறுமுனையைத் தண்ணி பாட்டில்ல விட்டாங்க. அதுல மூச்சு கொஞ்சம் தேவல. அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. நுரையீரல் விரியலன்னு சனிக்கிழமை ரெண்டாவது டியூப்பும் வச்சாச்சு. இன்னிக்கோட ஆறு நாள். பாட்டில்ல குமிழி நிக்கவே இல்ல. இருமினா மட்டும் இல்ல, சும்மா மூச்சு விட்டாலே சோடா திறந்த மாதிரி பொங்குது. நடுவுல உறிஞ்சுற மெஷின்ல மாட்டினாங்க. மாட்டின ஒரு நிமிஷத்துல அவன் மூச்சுக்குத் திணறிட்டான், உடனே கழட்டிட்டாங்க.

நேத்து சி.டி. எடுத்தாங்க. "வலது பக்கம் போற மெயின் மூச்சுக்குழாய் கிழிஞ்சிருக்குமோன்னு சந்தேகம், தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போய் ப்ராங்கோஸ்கோப்பி, அதாவது மூச்சுக்குழாய்க்குள்ள கேமரா விட்டுப் பாக்கணும், உறுதியானா ஆபரேஷன்"னு டாக்டர் சொன்னார். அப்பா கையெழுத்துப் போட மாட்டேங்கிறார். ஊர்ல ஒரு மாமா "கிழிஞ்ச இடத்துல கேமராவை விட்டா இன்னும் கிழியும், தானா ஆறிடும், விட்டுடுங்க"ன்னு போன்ல சொல்லிட்டார். அப்பாவுக்கு டாக்டர் சொல்றதை விட அவர் சொல்றதுதான் வேதம்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். விலா எலும்பு ஒண்ணு கூட முறியல, அப்புறம் எப்படி உள்ள இருக்குற குழாய் கிழியும்? கேமரா விட்டா ஆபத்தா? காத்திருந்தா தானா ஆறுமா? நாளைக்குக் காலையில ரவுண்ட்ஸ்ல பதில் சொல்லணும்.

---

சோலைக்காட்டான் எழுதியது:

பயப்படாதம்மா. வீக்கத்துக்கு உப்பை வறுத்துத் துணியில கட்டி ஒத்தடம் குடு, ரெண்டே நாள்ல வடியும். பலூன் வாங்கிக் குடுத்து ஊதச் சொல்லு, நுரையீரல் தானா விரிஞ்சிடும். எங்க சித்தப்பாவுக்கு மாடு முட்டினப்ப இப்படித்தான் சரியாச்சு.

---

பழைய தியேட்டர் சிஸ்டர் எழுதியது:

சோலைக்காட்டான் தம்பி, நல்ல மனசுலதான் சொல்லுதீங்க, ஆனா இது அந்த வீக்கம் இல்ல. தோலுக்கு அடியில இருக்குறது ரத்தமும் இல்ல, நீரும் இல்ல, காத்து. ஒத்தடத்துக்குக் காத்து வடியாது. கசியுற இடம் அடைபட்டா உடம்பே அதை உறிஞ்சிக்கும். பலூன் ஊதுறது இப்ப வேண்டவே வேண்டாம். ஓட்டை விழுந்த குழாயை உள்ளேருந்து அழுத்தி ஊதினா காத்து எங்க போகும்னு நீங்களே யோசிங்க.

வைகைக்கரை மக்களே, நான் நாகர்கோவில்காரி. 31 வருஷம் நெஞ்சு ஆபரேஷன் தியேட்டர்ல சிஸ்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவ. டாக்டர் இல்ல. ஆனா இந்தக் கேஸ் என் சர்வீஸ்ல ஒரு கையில எண்ணுற அளவுக்குத்தான் வந்திருக்கு, அதனால ஒவ்வொண்ணும் ஞாபகம் இருக்கு. நிதானமா எழுதுதேன். அப்பாவைப் பக்கத்துல உக்கார வச்சு வாசிச்சுக் காட்டு.

முதல்ல எலும்பு. உன் தம்பிக்கு 19 வயசு. அந்த வயசு விலா எலும்பு பச்சை மூங்கில் மாதிரி, வளையும், முறியாது. அம்பது வயசுக்காரன் நெஞ்சுல அதே டிரெய்லர் அழுத்தியிருந்தா நாலு எலும்பு முறிஞ்சு, வந்த வேகத்துல பாதியை அந்த எலும்பே வாங்கியிருக்கும். பையன் நெஞ்சு தட்டையா அமுங்கி அப்படியே திரும்ப எழும்பியிருக்கு, அடி முழுசும் உள்ள போயிருக்கு. அதனால எக்ஸ்ரேயில எலும்பு நல்லாருக்குன்னு யாரும் சந்தோஷப்பட முடியாது.

உள்ள என்ன நடக்கும்னா, கழுத்துலருந்து இறங்குற மூச்சுக்குழாய் நெஞ்சு நடுவுல கவட்டை மாதிரி ரெண்டாப் பிரியும். அந்தக் கவட்டை இருக்குற இடத்துல கெட்டியாப் பிடிச்சு நிக்கும். நுரையீரல் ரெண்டும் அப்படி இல்ல, தொங்குற காய் மாதிரி. நெஞ்சை முன்னாலயும் பின்னாலயும் அமுக்கினா காய் ரெண்டும் ஆளுக்கொரு பக்கமா விலகும், கவட்டை நகராது. இழுவை முழுசும் கவட்டைக்குப் பக்கத்துல விழும். இன்னொண்ணு, அடிபடப் போறோம்னு தெரிஞ்ச உடனே நாம மூச்சை இறுக்கிப் பிடிப்போம் இல்லியா? தொண்டை மூடியிருக்கும்போது நெஞ்சை அமுக்கினா, காத்தடைச்ச பேப்பர் கவரை உள்ளங்கையில வச்சு அடிச்ச கதைதான். அதான் இந்தக் கிழிசல் பெரும்பாலும் கவட்டையிலருந்து ரெண்டு ரெண்டரை சென்டிமீட்டருக்குள்ளயே இருக்கும், அதுலயும் வலது பக்கம் அதிகம். இடது குழாய் நீளம், பெரிய ரத்தக்குழாய்க்கு அடியில ஒளிஞ்சு போகும். வலது குட்டையா, மொட்டையா நிக்கும்.

இப்ப பாட்டில். நுரையீரல் மேல்தோல்ல சின்ன ஓட்டை விழுந்திருந்தா, டியூப் வச்சுக் காத்தை வெளிய எடுத்த உடனே நுரையீரல் விரிஞ்சு நெஞ்சுச் சுவரோட ஒட்டும். பெரும்பாலும் சில நாள்ல குமிழி குறைஞ்சு, இருமினா மட்டும் ஒண்ணு ரெண்டு வரும், அப்புறம் அதுவும் நின்னுடும். ரெண்டு டியூப் வச்சும் பொங்குது, நுரையீரலும் விரியலன்னா, டாக்டர்மார் முதல்ல டியூப்பைத்தான் சந்தேகப்படுவாங்க. டியூப்போட பக்க ஓட்டை ஏதாவது தோலுக்கு வெளிய வந்துட்டா, ஜாயின்ட் லூசான்னு பாப்பாங்க. அதெல்லாம் சரியா இருந்தும் பொங்குதுன்னா காத்து ஓரத்து நுரையீரல்லருந்து வரல, பெரிய குழாய்லருந்து வருதுன்னு அர்த்தம். மெஷின்ல மாட்டினதும் திணறினான்னு எழுதியிருக்க பாத்தியா, அது சாதாரண அடையாளம் இல்ல. அவன் உள்ள இழுக்குற மூச்சை நல்ல பக்கத்து நுரையீரலுக்குக் கூடப் போக விடாம மெஷின் ஓட்டை வழியா இழுத்துட்டுப் போயிருக்கு. அங்க யாரும் தப்புப் பண்ணல. மாட்டிப் பாத்தாங்க, திணறினான், கழட்டிட்டாங்க. அந்தத் திணறலும் டாக்டருக்கு ஒரு சேதி சொல்லியிருக்கும்.

எக்ஸ்ரேயிலயும் ஒரு அடையாளம் உண்டு. சாதாரணமா நுரையீரல் சுருங்கினா காம்பைப் பாத்து, அதாவது நெஞ்சு நடுவைப் பாத்துச் சுருங்கும். காம்பே முறிஞ்சிருந்தா நடுவை விட்டுட்டுக் கீழயும் வெளிப்பக்கமாவும் சரிஞ்சு விழுந்து கிடக்கும். எங்க சீஃப் படத்தை லைட்டுல மாட்டிட்டு "சிஸ்டர், காய் கீழ விழுந்து கிடக்கு பாத்தீங்களா"ம்பார். எல்லாருக்கும் அப்படித் தெரியாது. சி.டி.யில கூடச் சில சமயம் மூச்சுக்குழாயைச் சுத்திக் காத்து இருக்குறது மட்டும்தான் தெரியும், கிழிஞ்ச வாய் தெரியாது. கண்ணால பாத்தாத்தான் உறுதி. அதுக்குத்தான் ப்ராங்கோஸ்கோப்பி.

அந்தக் கேமரா பென்சில் கனம் கூட இருக்காது, வளையுற குழாய். குத்திக்கிட்டுப் போற சாமான் இல்ல. எந்த இடத்துல, எவ்வளவு நீளம், சுத்தளவுல எத்தனை பங்கு கிழிஞ்சிருக்குன்னு அதுலதான் தெரியும். அதைப் பொறுத்துத்தான் ஆபரேஷன் வேணுமா வேண்டாமான்னே முடிவு பண்ணுவாங்க. உங்க மாமா சொல்லுத மாதிரி தானா ஆறுற கேஸும் உண்டு, இல்லன்னு சொல்ல மாட்டேன். சுத்தளவுல மூணுல ஒரு பங்குக்குக் குறைவா கிழிஞ்சு, டியூப் வச்சதும் நுரையீரல் முழுசா விரிஞ்சு, குமிழியும் சீக்கிரம் நின்னா, மருந்தோட பாத்துக்கிட்டே இருப்பாங்க. உன் தம்பிக்கு நுரையீரலும் விரியல, குமிழியும் நிக்கல. அப்ப அந்தக் கணக்குல அவன் வர மாட்டான்னுதான் எனக்குத் தோணுது. ஆனா நான் படம் பாக்கல, கேட்டியா.

ஒரு கேஸ் சொல்லுதேன். கடக்கரை ஊர்ப் பையன், 14 வயசு. வள்ளத்தைக் கரையேத்தும்போது அலை அடிச்சு வள்ளம் நெஞ்சு மேல ஏறிட்டு. உன் தம்பி மாதிரியே எலும்பு முறியல, முகம் பூசணிக்கா மாதிரி. மூணாவது நாள் ஸ்கோப் போட்டாங்க, வலது குழாய் முக்காவாசி அறுந்து, சுத்தியிருக்குற சவ்வுதான் பிடிச்சிட்டு இருந்துது. அன்னிக்கே தியேட்டர். இடது நுரையீரலுக்கு மட்டும் காத்துக் குடுத்து வலதைச் சும்மா வச்சிட்டு, விலா இடுக்கு வழியா திறந்தாங்க. கிழிஞ்ச ஓரத்தைச் சுத்தமா வெட்டிட்டு, கரையுற நூல்ல ஒவ்வொரு தையலாப் போட்டாங்க. முடிச்சு குழாய்க்கு வெளிய இருக்கணும். உள்ள இருந்தா அதைச் சுத்தி சதை வளந்து பின்னால அடைக்கும். நான்தான் நூல் எடுத்துக் குடுத்தேன், எண்ணினேன், 17 தையல். தச்சு முடிச்சதும் நெஞ்சுக்குள்ள சலைன் ஊத்தி நுரையீரலை மெதுவா ஊதச் சொன்னாங்க. சைக்கிள் கடையில டியூப்பைத் தண்ணியில முக்கிப் பாப்பாங்களே, அதே வேலைதான். ஒரு குமிழி வரல. அப்புறம் விலா இடுக்குச் சதையில ஒரு துண்டை ரத்த ஓட்டத்தோட எடுத்து, தையல் மேல போர்த்தித் தச்சாங்க.

இந்த நல்ல சேதியோட ஒரு கெட்ட சேதியும் சொல்லாம இருக்கக் கூடாது. இது பெரிய ஆபரேஷன். ரத்தம், இன்ஃபெக்‌ஷன், தையல் விடுறது எல்லாத்துக்கும் வாய்ப்பு உண்டு. டாக்டர் அதெல்லாம் சொல்லித்தான் கையெழுத்துக் கேப்பார். அதைக் கேட்டு அப்பா மிரண்டுடக் கூடாது. சும்மா விட்டா என்ன ஆகும்னும் அவர்கிட்டயே கேக்கச் சொல்லு.

கடைசியா, வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தினாலோ ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போனாலோ, பாட்டில் நெஞ்சுக்குக் கீழயே, நிமிந்தே இருக்கணும். தூக்கிக் கட்டில் மேல வச்சிடாதீங்க. முக்கியமா, குமிழி வர்ற டியூப்பை வழியில யாரும் கிளாம்ப் போட்டு அடைக்க விடாத. தண்ணி சிந்தும்னு ஒரு அட்டெண்டர் அடைக்கப் பாத்ததை நானே கையைத் தட்டி விட்டிருக்கேன். அடைச்சா வெளிய போக வேண்டிய காத்து உள்ளயே நிரம்பி இதயத்தை ஒரு பக்கமா நெரிச்சிடும். காப்பீட்டு அட்டை இருந்தா இன்னிக்கே அந்தக் கவுண்ட்டர்ல பதிஞ்சு வை, கடைசி நேரத்துல ஓட வேண்டாம்.

---

சங்ககிரி பாடி ஒர்க்ஸ் எழுதியது:

வணக்கங்க. சிஸ்டர் சொன்னதுல ஒரு வரி கூடப் பொய் இல்லீங்க. சும்மா விட்டா என்ன ஆகும்னு சொல்றதுக்கு நானே உசுரோட இருக்கறேன்.

எனக்கு அப்ப 27 வயசு. லாரிக்கடியில படுத்து வேலை பாத்துட்டு இருந்தப்ப ஜாக்கி நழுவி ஆக்ஸில் நெஞ்சு மேல உக்காந்துருச்சுங்க. எனக்கு இடது பக்கம். டியூப் வச்சாங்க, குமிழி வந்துச்சு, அஞ்சாவது நாள் நின்னுபோச்சு. எல்லாருக்கும் சந்தோசம். டியூப்பை எடுத்து ஊட்டுக்கு அனுப்பிப்போட்டாங்க. எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க, அவங்க மேல எனக்குக் கோவம் இல்லீங்க.

மூணு வாரம் நல்லாத்தான் இருந்தனுங்க. அப்புறம் மாடி ஏறினா மூச்சு வாங்கும், படுத்தா நெஞ்சுல விசில் அடிக்கும். வீசிங்னு மருந்து குடுத்தாங்க. படம் எடுத்தா இடது பக்கம் முழுசும் வெள்ளை. சளின்னாங்க, டி.பி.ன்னாங்க. டி.பி. மாத்திரை ரெண்டு மாசம் தின்னனுங்க. சளியில கிருமி ஒண்ணும் வரலீங்க, ஆனா வெயிட்டு எட்டு கிலோ போச்சு. ஊட்டுல தட்டு, டம்ளர் தனியா வச்சதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுதுங்க. அதை விடுங்க.

கடைசியா கோயமுத்தூர்ல ஒரு நெஞ்சு டாக்டர் "முன்ன அடிபட்டீங்களா?"ன்னு கேட்டாருங்க. அஞ்சு மாசத்துல அந்தக் கேள்வியை யாருமே கேக்கலீங்க! ஸ்கோப் போட்டுப் பாத்தா இடது குழாய் பாதியிலயே முட்டுச்சந்து. அன்னிக்கே கிழிஞ்சிருக்கு, சுத்தியிருக்கற சவ்வு மூடினதால காத்து நின்னிருக்கு, ஆறும்போது சதை வளந்து அடைச்சிருக்கு.

ஆபரேஷன்ல அந்தத் தழும்பை வெட்டிப்போட்டு ரெண்டு முனையையும் சேத்துத் தச்சாங்க. முழுசா அடைச்சிருந்ததால உள்ள கிருமி போகல, நுரையீரல் சுருங்கினாலும் கெட்டுப்போகல, அதனால தப்பிச்சுதுன்னு டாக்டர் சொன்னாருங்க. பாதி அடைச்சுப் பாதி திறந்திருந்தா சீழ் புடிச்சு நுரையீரலையே எடுக்க வேண்டி வந்திருக்குமாம். காத்து விட்டதும் ஈரல் கலர்ல கிடந்தது ரோஸ் கலர்ல விரிஞ்சுதுன்னு அவரு சொன்னப்ப கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க.

அப்பாகிட்டச் சொல்லுங்க, ஆறாவது நாளே கண்டுபிடிக்கறேங்கற டாக்டர் கிடைச்சது உங்க அதிர்ஷ்டமுங்க. என்ரைய குழாய் "தானா ஆறுச்சு". ஆறினதுதான் பிரச்சனையே.

---

மயக்கவியல் மாணவன் எழுதியது:

சிஸ்டரும் சங்ககிரி அண்ணனும் சொன்ன பிறகு எனக்கு அதிகம் மிச்சமில்லை. இரவுப் பணியில் இருக்கிறேன், இரண்டு விஷயம் மட்டும்.

ஒன்று, "தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போய்" என்று டாக்டர் சொன்னதற்குக் காரணம் உண்டு. இப்படிப்பட்டவர்களுக்குத் தொண்டை வழியாகக் கண்ணை மூடிக்கொண்டு டியூப் போட்டால், அதன் முனையே கிழிசல் வழியாக வெளியே போய்விடலாம். வென்டிலேட்டர் அழுத்தத்தில் காற்று தள்ளினாலும் ஓட்டை வழியாகத்தான் பாயும். அதனால் முடிந்தவரை நோயாளியைத் தானே மூச்சு விடவைத்து, கேமரா மேலேயே டியூப்பைக் கோத்துக்கொண்டு, கண்ணால் பார்த்தபடி கிழிசலைத் தாண்டியோ நல்ல பக்கத்துக்குள்ளோ இறக்குவோம். ஆக, கேமராதான் இன்னும் கிழியாமல் காப்பாற்றுகிறது. மாமாவின் பயம் ஒருவேளை பழைய இரும்புக்குழாய் காலத்துப் பயமாக இருக்கலாம். 1897ல் ஜெர்மனியில் குஸ்தாவ் கில்லியன் முதன்முதலில் மூச்சுக்கிளைக்குள் விட்டது விறைப்பான குழாய். ஜப்பானின் ஷிகேத்தோ இக்கேதா வளையும் கருவியைக் கொண்டுவந்தது 1966ல்.

இரண்டு, அப்பாவுக்கு எண் வேண்டுமென்றால்: இந்தக் காயம் பற்றி உலகம் முழுக்க வெளியான 265 பேரின் விவரங்களைத் தொகுத்து 2001ல் ஒரு கட்டுரை வந்தது. 1950க்கு முன் நூற்றுக்கு 36 பேர் இறந்திருக்கிறார்கள், 1970க்குப் பிறகு 9 பேர். முழுவதும் அறுந்தவர்களில் பலர் ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்வதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்கள் தம்பி அந்த வாசலைத் தாண்டிவிட்டார்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று. இதே காயம் கழுத்திலும் வரும். பைக் சக்கரத்தில் துப்பட்டா சிக்குவது, ரோட்டுக்குக் குறுக்கே தொங்கும் கேபிள் கழுத்தில் மாட்டுவது. வெளியே ஒரு சிவந்த கோடு மட்டும் இருக்கும். குரல் கம்மினால், கழுத்தைத் தொட்டால் நறநறவென்றால், இருமலில் ரத்தம் வந்தால் "கோடுதானே" என்று வீட்டில் இருக்காதீர்கள். போன மாதம் துப்பட்டா சிக்கி வந்த கல்லூரிப் பெண்ணுக்கு மூச்சுக்குழாயை வெட்டிச் சேர்த்த பிறகு, தையல் இழுபடாமல் இருக்கத் தாடையையும் நெஞ்சையும் சேர்த்து ஒரு தையல் போட்டு வைத்தார்கள். ஒரு வாரம் தரையைப் பார்த்தபடியே வாட்ஸப்பில் எங்களைத் திட்டிக்கொண்டிருந்தார்.

---

பழைய தியேட்டர் சிஸ்டர் எழுதியது:

டாக்டர் தம்பி, பழைய கதை பேசினதும் எங்க சீஃப் சொல்லுற வாத்துக் கதை ஞாபகம் வந்துட்டு. 1871ல வின்ஸ்லோன்னு ஒருத்தர் தான் சுட்ட காட்டு வாத்தை அறுத்துப் பாத்தா, அதோட இடது மூச்சுக்குழாய் எப்பவோ அறுந்து தானா ஆறியிருந்துதாம். "வாத்துக்கு ஆறிச்சு, அதனால மனுசனுக்கும் ஆறும்னு யாராவது சொன்னா, வாத்துகிட்ட யாரும் மாடி ஏறச் சொல்லலன்னு சொல்லுங்க"ம்பார். சங்ககிரித் தம்பி கதையைப் படிச்சதும் அதான் நினைச்சேன்.

---

வைகைக்கரை எழுதியது:

பதில் எழுத அஞ்சு நாள் ஆயிடுச்சு, மன்னிச்சுக்கோங்க.

அன்னிக்கு ராத்திரியே எல்லாத்தையும் அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். சிஸ்டர் எழுதினதுக்குத் தலையாட்டினார், ஆனா வாய் திறக்கல. சங்ககிரி அண்ணன் எழுதினதுல தட்டு, டம்ளர் தனியா வச்ச இடம் வந்ததும் "பேனா எங்க?"ன்னார்.

மறுநாள் ஸ்கோப் பாத்தாங்க. கவட்டையிலருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி வலது குழாய், சுத்தளவுல பாதிக்கு மேல கிழிஞ்சிருந்துச்சு. வெள்ளிக்கிழமை காலையில எட்டரைக்கு உள்ள கூட்டிட்டுப் போனாங்க, ரெண்டு மணிக்கு டாக்டர் வெளிய வந்தார். தண்ணி ஊத்திப் பாத்தீங்களா சார்னு கேட்டேன். என்னை ஒரு மாதிரி பாத்துட்டு "நீங்க நர்ஸாம்மா?"ன்னார். இல்ல சார், கூட்டுறவு சங்கத்துல கணக்கு எழுதுறேன்னேன். தையலுக்கு அழுத்தம் வேண்டாம்னு அன்னிக்குச் சாயங்காலமே வென்டிலேட்டரை எடுத்துட்டாங்க.

அன்னிக்கு ராத்திரி அப்பாவை ஐ.சி.யூ.க்குள்ள அஞ்சு நிமிஷம் விட்டாங்க. அவர் தம்பி முகத்தைப் பாக்கல, நேரா குனிஞ்சு பாட்டிலைப் பாத்திருக்கார். ஒரு வாரமா பொங்கினது அசையாம நிக்குது. பதறிப்போய் "சிஸ்டர், பாட்டில் ரிப்பேர் ஆயிடுச்சு, வேற மாத்துங்க"ன்னு கத்திட்டாராம். அந்த சிஸ்டர் சிரிச்சது வெளிய எனக்குக் கேட்டுச்சு.

ஞாயித்துக்கிழமை ஒரு டியூப்பை எடுத்தாச்சு. கண்ணு திறந்துடுச்சு, கழுத்து வீக்கம் பாதி வடிஞ்சிருக்கு. தொட்டா நறநறப்பு இன்னும் லேசா இருக்கு. தலைகாணியை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு இருமச் சொல்லிருக்காங்க. இப்ப மூச்சுப் பயிற்சிக்கு அந்த மூணு பந்து டப்பா குடுத்து மெதுவா உறிஞ்சச் சொல்றாங்க. ஒரு பந்துதான் ஏறுது. மூணும் ஏத்தணும்னு அவன் பிடிவாதம் பிடிக்கிறான். விடலாமா சிஸ்டர்?

---

பழைய தியேட்டர் சிஸ்டர் எழுதியது:

ஒண்ணு போதும் மக்களே. ரெண்டாவது பந்தை எப்ப ஏத்தணும்னு ஃபிசியோ சொல்லுவாங்க, அவங்க சொல்லாம முக்க வேண்டாம். ஊதுறதுக்கும் உறிஞ்சுறதுக்கும் வித்தியாசம் தெரியுமான்னு அவன்கிட்டக் கேளு, நிறையப் பேர் அந்த டப்பாவைத் தலைகீழா ஊதிட்டு இருப்பாங்க. டிஸ்சார்ஜ் ஆகுறதுக்கு முன்னாலயும், அப்புறம் சில மாசம் கழிச்சும் ஒருக்கா ஸ்கோப் பாக்கக் கூப்பிடுவாங்க, தையல் போட்ட இடத்துல சதை வளருதான்னு பாக்குறதுக்கு. நல்லாத்தானே இருக்கான்னு போகாம இருந்துடாதீங்க. நடுவுல விசில் சத்தம் கேட்டா அந்தத் தேதி வரைக்கும் காத்திருக்காம உடனே போங்க.

பீடி குடிப்பானா? நீ எழுதல, அதான் கேக்குதேன்.